ஒரே வீடு, இரண்டு காற்றோட்டக் கருவிகள்: பாபநாசம் பக்கத்து நீள வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏசி, காற்றோட்ட வேலை செய்கிறவன் என்ற முறையில், 2023 ஏப்ரல் முதல் 2024 ஜூன் வரை நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிய பதிவு இது. பழைய காற்றை வெளியேற்றி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் இ.ஆர்.வி. (எனர்ஜி ரிகவரி வென்டிலேட்டர்) என்ற கருவி இரண்டை அங்கே பொருத்தினேன். வீட்டாரின் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர்களும் ஊரும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டோம்.

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது வீடு. டெல்டாவின் பழைய தெருக்களில் உள்ள மாதிரியே அகலம் குறைவு, நீளம் அதிகம்: 22 அடிக்கு 118 அடி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஜன்னல் வைக்கவோ துளை போடவோ இரண்டே இடம்தான், தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும்.

முன்பாதி பழசு. திண்ணை, ரேழி, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், ஓர் அறை, நெல் வைக்கும் ஓர் உள். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய ஒன்றரையடிச் சுவர், மேலே நாட்டு ஓடு. பின்பாதி 2017-ல் கட்டிய கான்கிரீட்: சமையலறை, சாப்பிடும் இடம், இரண்டு படுக்கையறைகள். இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கதவு. முன்னால் பெரியவரும் அவர் மனைவியும், பின்னால் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பின்பாதியில் இரண்டு ஸ்ப்ளிட் ஏசி. முன்பாதியில் மின்விசிறி மட்டும்.

குரங்குத் தொல்லை தாங்காமல் 2020-ல் முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிட்டார்கள். வெளிச்சம் வரும், குரங்கும் வராது, மழையும் வராது. அந்தத் தெருவில் பாதி வீட்டில் இன்றைக்கு இப்படித்தான்.

என்னைக் கூப்பிட்டபோது இரண்டு குறை சொன்னார்கள். பின்பாதியில், காலையில் எழுந்தால் தலை கனக்கிறது. சின்னவனுக்கு மூச்சிரைப்பு வேறு. முன்பாதியில் முடை நாற்றம். பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் கரும்புள்ளி. உள்ளே இருந்த பட்டுப்புடவையில் பூஞ்சணம். இரண்டுக்கும் காரணம் காற்று இல்லாததுதான் என்று மகன் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

முதலில் பார்த்தது

கரியமில வாயு அளக்கும் மீட்டரையும் ஈரப்பத மீட்டரையும் மூன்று ராத்திரி அங்கேயே வைத்தேன். வெளிக்காற்றில் கரியமில வாயு 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். அறைக்குள் 1,000-க்குள் இருந்தால் காற்று ஓரளவு மாறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மகனின் படுக்கையறையில் காலை ஐந்து மணிக்கு 2,700. பிள்ளைகள் அறையில் 2,100.

இது ஆச்சரியமே இல்லை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். பலருக்கு இது தெரியாது. ஏசி போட்டால் நல்ல காற்று வருகிறது என்றே நினைக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு விட்டால் இந்த அளவுதான் வரும்.

முன்பாதியில் பெரியவர் படுக்கும் அறையில் அதிகபட்சம் 760. என் நோட்டில் அந்த எண்ணை நானே எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். அதோடு சரி. அங்கே மூச்சுக்காற்றுக்குப் பஞ்சமில்லை, அங்கே இருப்பது வேறு வியாதி என்று அந்த 760 சொன்னது. நான் கேட்கவில்லை.

கணக்கு

அமெரிக்காவின் ஆஷ்ரே 62.2 என்ற வீட்டுக் காற்றோட்ட விதியை வைத்துத்தான் நான் கணக்குப் போடுவது. ஒவ்வொரு சதுர அடிக்கும் 0.03 கன அடி, ஒவ்வொரு ஆளுக்கும் 7.5 கன அடி. இரண்டையும் கூட்டினால் நிமிடத்துக்கு எவ்வளவு வெளிக்காற்று வேண்டும் என்று வரும். பின்பாதி 900 சதுர அடி, நாலு பேர்: 57 கன அடி. முன்பாதி 1,000 சதுர அடி, இரண்டு பேர்: 45. மொத்தம் 102 கன அடி. மணிக்கு என்று மாற்றினால் 173 கன மீட்டர்.

வெறும் விசிறி வைத்து வெளிக்காற்றை ஏசி அறைக்குள் தள்ளினால் என்ன ஆகும் என்பதையும் மகனுக்கு எழுதிக் காட்டினேன். நம் பக்கம் ஆடி மாத ராத்திரியில் வெளியே 28 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 23 கிராம் தண்ணீர் இருக்கும். ஏசி அறையில் 25 டிகிரி, 55 சதவீதம் என்றால் 12.7 கிராம். பின்பாதிக்கு வேண்டிய 57 கன அடியை, அதாவது மணிக்கு 97 கன மீட்டரை, உள்ளே விட்டால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக உள்ளே விடுகிறோம். விடிவதற்குள் எட்டு லிட்டர். ஒரு சின்னக் குடம். அதை மறுபடி பிழிந்து வெளியே எடுக்கிற வேலை ஏசி தலையில் விழும்.

அதனால்தான் இ.ஆர்.வி. உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் மெல்லிய சவ்வு அடுக்குகளின் இரு பக்கமாக, ஒன்றோடொன்று கலக்காமல் போகும். வெப்பமும் ஈரமும் மட்டும் சவ்வைத் தாண்டும். வருகிற காற்றின் ஈரத்தில் ஒரு பங்கை, போகிற உலர்ந்த காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். ஈரத்தில் 60 சதவீதம் மாற்றிக்கொள்ளும் கருவி என்றால் எட்டு லிட்டர் மூன்றேகாலாகக் குறையும். வெப்பத்தை மட்டும் மாற்றும் அலுமினியத் தகடு வைத்த கருவிகளும் உண்டு. அவை குளிர்நாட்டுக்கு. நம் ஊர் ஈரத்துக்கு அவை தோதுப்படாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போகிற காற்று உலர்ந்திருந்தால்தான் இந்த வியாபாரம் நடக்கும். உள்ளே ஏசி ஓடவில்லை என்றால் சவ்வுக்கு வேலையே இல்லை. இதை மகனுக்கு விளக்கமாகச் சொன்ன நான், முன்பாதிக்குத் திட்டம் போடும்போது மறந்துவிட்டேன்.

ஒன்றா, இரண்டா

மகன் ஒரே பெரிய யூனிட்டாகப் போடச் சொன்னார். ஒரு இயந்திரம், ஒரு ஃபில்டர், ஒரு சுவிட்ச். நியாயமான ஆசைதான். ஆனால் டேப் எடுத்து அளந்து பார்த்தபோது சரிப்படவில்லை.

யூனிட்டைக் கொல்லைப்பக்கம் வைத்தால் பெரியவர் அறைக்குக் காற்றுக் குழாய் எழுபது அடி ஓட வேண்டும், முற்றத்தைத் தாண்டி, தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில். 173 கன மீட்டரும் ஒரே குழாயில் கிளம்பும். காற்றின் அளவு இரண்டு மடங்கானால் குழாய்க்குள் உராய்வு நாலு மடங்காகும். விசிறி அதை இழுக்கத் திணறும், சத்தம் போடும். யூனிட்டைத் தெருப்பக்கம் வைத்தாலோ, ஏசி அறையிலிருந்து திரும்பும் 25 டிகிரிக் காற்றைச் சுமக்கும் குழாய் அந்தத் தாழ்வாரத்தில் போகும்; ஈரம் மிகுந்த நேரத்தில் அதன் வெளிப்புறம் வியர்க்கும். இன்சுலேஷன் சுற்றலாம். ஆனால் ஓட்டுக்குக் கீழே எலி இருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய தடை பெரியவரின் மனைவி. கூடத்து உத்தரத்தில் துளை போட வேண்டும் என்றதும், “தம்பி, அது என் மாமனார் இழைச்சுப் போட்ட தேக்கு. அதுல கை வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஆக, மணிக்கு 150 கன மீட்டர் திறனுள்ள இரண்டு சின்ன யூனிட். தெருப்பக்கம் ஒன்று, கொல்லைப்பக்கம் ஒன்று. இரண்டையும் நடு வேகத்திலோ அதற்குக் கீழோ ஓட்டினால் போதும், சத்தம் இருக்காது. குழாய் நீளம் இருபது அடியைத் தாண்டாது. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். விலை, ஒரு பெரிய யூனிட்டைப்போல ஒன்றேகால் மடங்கு வந்தது. சுவரில் இரண்டு துளைக்குப் பதில் நாலு, ஃபில்டரும் இரண்டுக்கு நாலு.

இந்த முடிவு சரியானது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் நான் சொன்ன காரணங்களில் குழாய் நீளமும் உராய்வும் உத்தரமும் இருந்தன. இரண்டு பாதியும் இரண்டு விதமாக வாழ்கின்றன என்பது இல்லை. அதனால் ஒரே கருவியை இரண்டாக வாங்கி, ஒரே வேகத்தில், ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டேன்.

பொருத்தியது

2023 ஜூலையில் வேலை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடி, குறுவை நட்டு முடித்திருந்த சமயம். பின்பாதியில் ஐந்து இன்ச் குழாய். சாப்பிடும் இடத்துப் பரணில் யூனிட். இரண்டு படுக்கையறைக்கும் புதுக்காற்று, குளியலறைப் பக்கத்திலிருந்தும் நடைவழியிலிருந்தும் பழைய காற்று. கான்கிரீட் பாதியில் கோர் கட்டிங் மெஷினால் துளை போடும் வேலை அரை நாளில் முடிந்தது. முன்பாதிச் சுண்ணாம்புச் சுவருக்கு அந்த மெஷினைக் கொண்டு போகவில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் காரை ஊறிப் பொடிந்துவிடும் என்று கொத்தனார் சொன்னார். உளியால் ஒன்றரை நாள் தட்டினார். எல்லாத் துளையும் வெளிப்பக்கம் சரிவாக, ஐப்பசி மழை உள்ளே இறங்காதபடி.

கொல்லைப்பக்கம் அகலம் 22 அடிதான். அதற்குள் காற்று எடுக்கும் வாய், விடும் வாய், சமையலறைச் சிம்னி வாய் மூன்றும் வர வேண்டும். எடுக்கும் வாயை மேற்கு ஓரத்திலும் மற்ற இரண்டைக் கிழக்கு ஓரத்திலும் வைத்து நடுவில் பத்தடிக்கு மேல் இடைவெளி விட்டேன். இதில் எனக்குத் திருப்தி. முதல் ராத்திரியே மருமகள் போன் செய்தார்: “அண்ணே, ரூம்ல பாத்ரூம் வாடை வருது.” போய்ப் பார்த்தால் மேற்கு ஓரத்தில், வாழைக்கு நடுவில், செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாய். எட்டடி உயரத்தில் மொட்டையாக நிற்கிறது, என் எடுப்பு வாய்க்கு நாலடி தள்ளி. பகலில் அளந்தபோது வாழை இலை மறைத்திருந்தது என்று சாக்குச் சொல்லலாம். கொல்லையை ஒரு தடவை சுற்றி வந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் குழாயை மாடிக்கு மேலே ஏற்றி முடித்தோம்.

ஊதுவத்தி

இரண்டாவது வாரம் வேறொரு புகார். வெள்ளிக்கிழமை அத்தை கூடத்தில் சாம்பிராணி போட்டால் புகை முழுக்கச் சமையலறைக்கு வந்துவிடுகிறது, முன்னெல்லாம் இப்படி இல்லை என்று மருமகள் சொன்னார். யூனிட்தான் இழுக்கிறது என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள்.

நடுக்கதவைச் சாத்தி, கீழே உள்ள இடுக்குக்கு நேரே ஓர் ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு யூனிட்டும் ஓடும்போது புகை நேரே மேலே போனது. முன் யூனிட்டை நிறுத்தினேன், அப்போதும் நேரேதான். பின் யூனிட்டை நிறுத்தினாலும் அப்படியே. அதாவது ஒவ்வொரு யூனிட்டும் எடுப்பதும் விடுவதும் சமமாக இருக்கிறது. ஒன்று நின்றால் மற்றது அடுத்த பாதியிலிருந்து காற்றைத் திருடவில்லை. அப்புறம் சிம்னியைப் போடச் சொன்னேன். புகை படக்கென்று மடங்கி, தரையோடு தரையாக இடுக்குக்குள் புகுந்து சமையலறைப் பக்கம் ஓடியது. கதவே லேசாக அதிர்ந்தது.

பின்பாதியில் கொசுவுக்காக ஜன்னலெல்லாம் எப்போதும் சாத்தியிருக்கும். சமையலறைச் சிம்னி மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் இழுக்கிற சாதனம். அதற்குக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். முன்பெல்லாம் நடுக்கதவு திறந்தே கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஏசிக் காற்றும் புதுக்காற்றும் வீணாகக்கூடாது என்று நான் கதவைச் சாத்தச் சொன்ன பிறகுதான் இடுக்கு வழியே விசையாக வர ஆரம்பித்தது. சிம்னி ஓடும்போது சமையலறை ஜன்னலை நாலு விரல் திறந்து வைக்கும்படி, வலையோடு ஒரு சின்னச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். புகார் நின்றது.

மழைக்காலம்

பின்பாதி சொன்னபடி கேட்டது. மகனின் அறையில் காலை ஐந்து மணிக்கு 950-லிருந்து 1,050. பிள்ளைகள் அறையில் 900-க்குப் பக்கம். ஈரப்பதம் 55-லிருந்து 60-க்குப் போனது, அது எதிர்பார்த்ததுதான். ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில் செடிக்காக ஒரு வாளி வைப்பது மருமகளின் பழக்கம். முன்பு விடிகாலையில் அரை வாளி இருக்கும், இப்போது முக்கால் இருக்கிறது என்றார். என் கணக்கை விட அந்த வாளியை நான் அதிகம் நம்பினேன்.

முன்பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் நிலைமை மோசமானது என்றுகூடச் சொல்லலாம். வெளியே 25 டிகிரி, 90 சதவீதத்துக்கு மேல் ஈரம். உள்ளேயும் கிட்டத்தட்ட அதே. யூனிட் ராப்பகலாக அந்த ஈரக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. உலர்ந்த காற்று உள்ளே இல்லாதபோது சவ்வு எதை எதோடு மாற்றும்? கார்த்திகையில் பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளி மறுபடி வந்தது. துடைத்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் முற்றத்தைக் காட்டி, “வானத்தை மூடிப்புட்டு ஓட்டை போட்டுக் காத்து தேடுறீங்களே” என்றார்.

அன்று மத்தியானம் முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். சுவரடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. தரை ஈரம் சுண்ணாம்புச் சுவரில் ஏறுகிறது. முன்பு வெயிலும், முற்றத்து வழியே சூடேறி மேலே போகும் காற்றும் அதை உலர்த்தின. தகடு போட்ட பிறகு அந்தப் போக்கு நின்றுவிட்டது. போதாததற்கு மழைக்காலத் துணியெல்லாம் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் காய்கிறது. பதினைந்தடிக்குப் பன்னிரண்டு முற்றம் செய்த வேலையை ஐந்து இன்ச் குழாயிடம் கேட்டிருக்கிறேன்.

மாற்றியது

மார்கழியில் தகட்டைக் கழற்றவில்லை. குரங்கு இன்னும் இருக்கிறது. ஆங்கிள் சட்டம் வைத்து ஓரடி உயர்த்தினோம். நாலு பக்கமும் இடைவெளி, அதில் கம்பி வலை, உள்ளே கொசுவலை. சாரல் அடிக்காமல் இருக்கத் தகட்டை ஒன்றரை அடி வெளியே நீட்டினோம். பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்தோம். துணிக்கொடியைக் கொல்லைத் தகரக் கொட்டகைக்கு மாற்றினோம். வெல்டிங் வேலை, கூலி எல்லாம் சேர்த்து இந்தச் செலவு முன் யூனிட்டின் விலையில் பாதிகூட வரவில்லை. முன் யூனிட்டை நிறுத்தச் சொன்னேன். மகன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்க வேண்டியதுதான்.

தையில் சம்பா அறுவடை. தெருவுக்கு எதிரே வயல். அறுவடை மெஷின் மூன்று நாள் ஓடியது. மூன்று மாதம் தாங்க வேண்டிய பின் யூனிட் ஃபில்டர் மூன்றே வாரத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. பின் யூனிட் ஃபில்டரை மருமகள் ஸ்டூல் போட்டுக் கழற்றிக் கழுவிவிடுவார். முன் யூனிட்டைத் திறந்தபோதுதான் ஜூலைக்குப் பிறகு யாருமே அதைத் தொடவில்லை என்று தெரிந்தது. எழுபது வயதுக்கு மேற்பட்ட இருவர் வாழும் பகுதியில் ஒன்பதடி உயரத்தில் மாட்டியிருக்கிறேன்.

2024 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெரியவர் அறைக்கு ஒரு டன் ஏசி வாங்கினார்கள். ஜன்னலையும் கதவையும் சாத்தி முதல் வாரம் படுத்தபோது காலையில் 1,900. முன் யூனிட்டுக்கு அப்போதுதான் வேலை வந்தது. கூடத்துக்குப் போன குழாயை அடைத்து, அந்த ஓர் அறைக்கு மட்டும் திருப்பினோம். யூனிட்டையும் ஐந்தரை அடிக்கு இறக்கி மாட்டினோம். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை, குறைந்த வேகத்தில். பின் யூனிட் 24 மணி நேரமும் நடு வேகத்தில்.

ஓராண்டுக்குப் பின்

2024 ஜூனில் கடைசியாக அளந்தபோது பெரியவர் அறை 880, மகன் அறை 1,000. கூடத்தில் முடை நாற்றம் போய்விட்டது. பீரோவுக்குப் பின்சுவர் சுத்தமாக இருந்தது. ஆனால் அது கோடை, இன்னொரு ஐப்பசி பார்க்காமல் அதைத் தீர்ந்ததாக எழுத மாட்டேன். சுவரடி உப்பு அப்படியேதான் இருக்கிறது, அது கொத்தனார் வேலை.

மின்சாரம்: பின் யூனிட் சுமார் 38 வாட், இரண்டு மாத பில்லில் 55 யூனிட். முன் யூனிட் ராத்திரி மட்டும் என்பதால் 15 யூனிட்டுக்குள். ஏசி கூடுதலாக ஓடுவது தனி.

சின்னவனுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது என்கிறார்கள். அதே காலத்தில் மருத்துவர் இன்ஹேலரை மாற்றினார், பஞ்சுத் தலையணையும் போனது. இதில் யூனிட்டின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபடி செய்வதாக இருந்தால்

இரண்டு யூனிட் என்பதை மாற்ற மாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வாங்க மாட்டேன். பின்பாதிக்கு முதலில் போட்டுவிட்டு, முன்பாதியில் முற்றத்துத் தகட்டை உயர்த்தி, ஒரு மழைக்காலம் பார்த்திருப்பேன். ஏசி இல்லாத பகுதிக்கு இ.ஆர்.வி. போடச் சொல்ல மாட்டேன்; அங்கே ஜன்னல், முற்றம், வேண்டுமானால் ஒரு சாதாரண விசிறி.

ஃபில்டர் கழற்றப் போகிறவர் யார் என்று கேட்டு, அவரை நிற்க வைத்து, அவர் கை எட்டும் உயரத்தில் சுவரில் கோடு போடுவேன். கொல்லையை வாழைக்குப் பின்னால் வரை சுற்றி வருவேன். சிம்னியைப் போட்டுவிட்டுத்தான் ஊதுவத்தியைப் பற்ற வைப்பேன்.

கூடத்து நிலைக்கு மேலே, முதலில் யூனிட் இருந்த இடத்தில், நாலு திருகாணித் துளை இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு வைத்து அடைத்துத் தருகிறேன் என்றேன். பெரியவர் மனைவி வேண்டாம் என்று சொல்லி, அதில் ஒன்றில் காலண்டரை மாட்டிவிட்டார்.